சிந்து வந்தால் ஏறுகிறது

மனிதனுடைய மண்டைக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அளந்து, அதை ஒரு நம்பராகத் திரையில் காட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பது லோகேஸ்வரிக்கு அதுவரை தெரியாது. தெரிந்துதான் அவளுக்கு என்ன ஆகவேண்டும்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். கழுத்திறக்கம், கைச்சுற்று, முதுகு அகலம், இவைதான் அவள் அறிந்த அளவுகள்.

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவந்த தம்பி வாசு, லோரியில் சாமான் ஏற்றும்போது பின்பலகையிலிருந்து சறுக்கி விழுந்தான். உயரம் அதிகமில்லை. ஆனால் விழுந்தவிதம் தலைகீழாக, தரையோ சிமெண்டு. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, மண்டையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, அந்தக் கம்பியையும் வைத்து, மருந்து கொடுத்து அவனை ஆழமாகத் தூங்கவைத்திருந்தார்கள். மூச்சை மெஷின் பார்த்துக்கொண்டது. நம்பரை மிஸ்ஸிகள், அதாவது நர்ஸுகள், பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வார்டில் சுமையா என்று ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள். முக்காட்டுக்கு மேலே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓட்டமாய் ஓடுகிற பெண். முதல் நாளே அவள் சொன்னாள்.

"ஆன்டி, இருபதுக்குக் கீழ இருந்தா நமக்கு நிம்மதி. மேல போய் அங்கேயே நின்னுச்சுன்னா டாக்டரக் கூப்பிடுவோம். இருமினாகூட ஏறும், அப்புறம் எறங்கிடும். அதையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க, உங்களுக்குத்தான் பிரஷர் ஏறிடும்."

சொன்னால் கேட்கிற மனமா? வெளியே காத்திருக்கும் நாற்காலிகளில் எல்லாக் குடும்பத்துக்கும் அதே பேச்சுதான். பாசாரில் மீன் விலை கேட்கிற மாதிரி, சீனக் கிழவர் ஒருவர், மலாய்க்காரப் பெண் ஒருத்தி, எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது, "இன்றைக்கு எவ்வளவு?"

உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். லோகேஸ்வரி முதலில் போவாள். அக்கா என்ற உரிமை. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள். அவள் வந்தபிறகுதான் சிந்து போவாள்.

சிந்து வாசுவின் மனைவி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். நாற்பது வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கோயில் சுற்றுலா என்று தமிழ்நாட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது கைப்பேசியில் ஒரு பெண்ணின் படத்தோடு வந்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'பேசி முடிச்சிட்டேன்கா' என்றான். கல்யாணச் சேலைக்கு ரவிக்கையை லோகேஸ்வரிதான் தைத்தாள். தையல் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் அன்றைக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு வருஷமாகியும் அது நேராகவில்லை.

இப்போது அவள் செய்த காரியத்துக்கு வருகிறேன். கேட்கிறவர்கள் அவளை உடனே வைதுவிடாதீர்கள்.

லோகேஸ்வரி வீட்டில் ஒரு வழக்கம். கண் விழித்ததும் முதலில் பார்க்கவேண்டியது சாமி முகம். வாசு சின்னப் பையனாக இருந்தபோது அவன் கண்ணைப் பொத்தி எழுப்பி, அம்மன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தித்தான் கையை எடுப்பாள். அப்படி வளர்ந்த பிள்ளை, இந்த ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்கிற நேரத்தில் எதைப் பார்ப்பான்? விட்டத்து விளக்கையா? யாரோ ஒருவருடைய குழாயையா? தையல்கடைச் சுவரிலிருந்த சின்ன அம்மன் படத்தைக் கொண்டுவந்து, கட்டிலுக்கு வலப்பக்கம் மருந்துப் பை தொங்கும் கம்பியில் தலைமுடி கிளிப்பால் மாட்டினாள்.

சுமையா பார்த்தாள். "படம் இருக்கட்டும் ஆன்டி. அவரத் தொடாதீங்க, என்னா? கையப் புடிச்சிக்கிறதுன்னா புடிச்சிக்குங்க. தல கிட்ட போவாதீங்க."

"தொடலம்மா" என்றாள் லோகேஸ்வரி.

ஆனால் வாசுவின் முகம் நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்திருந்தார்கள். இந்த நிலையில் கண்ணைத் திறந்தால் அம்மன் எங்கே தெரிவாள்? மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குப் போனதும், வலப்பக்கத்துத் துண்டை மெதுவாக உருவினாள். குழாய் அசையாமல், தூங்குகிற குழந்தையின் தலையை மடியிலிருந்து இறக்குகிற பதத்தில், கன்னத்தில் கைவைத்து முகத்தைப் படத்தின் பக்கம் திருப்பினாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். வெளியே வந்துவிட்டாள்.

பார்க்க வருகிறவர்கள் நிற்கக் கட்டிலின் இடப்பக்கம்தான் இடம் உண்டு. வலப்பக்கம் முழுக்க மெஷின். ஆக, அம்மனைப் பார்க்கிற முகம் சிந்துவைப் பார்க்காது. இது லோகேஸ்வரிக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் அதை நினைக்கவே இல்லை என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருமுறைகூட அது முழுசாக நம்பும்படி இருக்கவில்லை.

அவள் வெளியே வந்தபின் சிந்து உள்ளே போனாள். போன கொஞ்ச நேரத்தில் மெஷினில் எச்சரிக்கை மணி அடித்தது. மிஸ்ஸிகள் ஓடினார்கள். "கொஞ்சம் வெளிய இருங்க" என்று சிந்துவை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வேளையும் அதே மாதிரி. மறுநாளும் அதே மாதிரி. லோகேஸ்வரி போகும்போது பதினைந்து, பதினாறு என்று அடங்கிக் கிடக்கிற நம்பர், சிந்து போய் நின்றால் இருபத்தைந்தைத் தாண்டுகிறது. ஒருதரம் லோகேஸ்வரி கதவுக் கண்ணாடி வழியாக நின்று பார்த்தாள். சிந்து கட்டிலருகே போய், குனிந்து, "என்னங்க" என்றுதான் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. மணி அடித்துவிட்டது.

பந்திங்கிலிருந்து பஸ் ஏறி, சோறு பொட்டலம் கட்டிக்கொண்டு தினமும் வருகிற இராஜம்மா சித்திக்கு இது போதாதா?

"பாத்தியா லோகா? நான் அன்னிக்கே சொன்னேன், நீ கேக்கல. அந்தப் புள்ள கால் வச்ச நேரம்தான் இதெல்லாம். அவ வந்து நின்னாலே மெஷினு கத்துது. மெஷினுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல."

"சும்மா இருங்க சித்தி" என்றாள் லோகேஸ்வரி. ஆனால் அந்தப் பேச்சு அவள் காதில் இனித்தது. அந்த இனிப்பைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது.

அன்று சாயங்காலம் லிஃப்ட் பக்கம் சிந்துவைத் தனியாக அழைத்துப்போனாள்.

"சிந்து, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத மா. நீ போனா அவனுக்கு ஏறுது."

"நான் அழக்கூட இல்லக்கா."

"அழுவலன்னாலும் குரல் கேக்குதுல்ல. உள்ளுக்குள்ள என்னமோ ஆவுது அவனுக்கு. கொஞ்ச நாளு வராம இரு. கிள்ளான்ல இருந்தே சாமி கும்பிடு. நான் பாத்துக்குறேன் லா."

"எத்தன நாளுக்கா?"

"எறங்குற வரைக்கும்."

சிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் லோகேஸ்வரிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் லிஃப்டுக்குள் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மறுநாள் சிந்து வரவில்லை. லோகேஸ்வரி உள்ளே போனாள், துண்டை உருவினாள், முகத்தைத் திருப்பினாள், கும்பிட்டாள், வெளியே வந்தாள். மணி அடித்தது.

அதுவும் சாதாரணமாக அடங்கவில்லை. காரணம் தெரியாமல் ஏறி ஏறி இறங்குகிறதே என்று டாக்டர் மறுபடியும் ஸ்கேனுக்கு அனுப்பினார். மூச்சு மெஷின், மருந்துப் பைகள், கம்பி எல்லாவற்றோடும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்த நிலையில் நோயாளியை அசைப்பதே ஆபத்து என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை. இனியும் ஏறினால் மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்துவைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில்தான் சிந்து போன் போட்டாள்.

"இன்னிக்கு எவ்வளவுக்கா?"

லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். சிந்து வராத அன்றும் ஏறியிருக்கிறது. அதைச் சொன்னால், நேற்று சொன்னது பொய்யாகிவிடும்.

"பதினாலும்மா. நல்லா இருக்கான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்ப நான் வராதது நல்லதாப் போச்சு."

"ஆமாம்மா" என்றாள் லோகேஸ்வரி.

தெரியாமல் முகத்தைத் திருப்பியதை அம்மன் மன்னிக்கட்டும். தெரிந்தே சொன்ன இந்த 'ஆமாம்மா'வை என்ன செய்வது?

அடுத்த நாள் மத்தியானம் அவள் வாசுவின் கன்னத்தில் கைவைத்திருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆன்டி! கைய எடுங்க!"

சுமையா மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். லோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். திரையில் நம்பர் இருபத்தாறு. சுமையா வாசுவின் தலையை இரண்டு கையாலும் ஏந்தி, மூக்கும் நெஞ்சும் ஒரே கோட்டில் வரும்படி நேராக்கி, துண்டுகளை இரு பக்கமும் அணைத்து வைத்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தாறு இருபத்துமூன்றானது. இருபதானது. பதினேழில் வந்து நின்றது. யாரும் மருந்து கொடுக்கவில்லை. தலையை நேராக்கியது தவிர யாரும் ஒன்றும் செய்யவில்லை.

"எத்தன நாளா ஆன்டி இப்படி?"

லோகேஸ்வரி கம்பியில் தொங்கிய படத்தைக் காட்டினாள். "வந்த நாள்லேர்ந்து... சாமி படம் பாக்கட்டும்னு..."

"யா அல்லா." சுமையா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். "உள்ள வீங்கியிருக்கு ஆன்டி. மண்ட ஓடு விரியாது. மேல போற ரத்தம் கழுத்து வழியாத்தான் கீழ எறங்கணும். தோட்டத்துக்குத் தண்ணி விடுற ரப்பர் ஹோஸ் மடிஞ்சா என்ன ஆவும்? அதான். நீங்க கழுத்தத் திருப்புனா ரத்தம் எறங்காம மேலேயே நிக்கும், அழுத்தம் ஏறும். உடனே தெரியாது, கொஞ்ச நேரம் ஆவும். நான் வந்து பாக்குறப்பல்லாம் தல சாஞ்சிருக்கு. அவரா நழுவுறாருன்னு நெனச்சு நெனச்சு நேராக்கிட்டிருக்கேன். நேத்து ஸ்கேனுக்குக் கொண்டு போனோமே ஆன்டி!"

கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இவள் வெளியே வந்திருப்பாள், சிந்து உள்ளே போயிருப்பாள்.

"டாக்டர்ட்ட சொல்லித்தான் ஆவணும் நான்."

"சொல்லும்மா. சொல்லு."

டாக்டர் வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றாள். அவர் திட்டவில்லை. "காரணம் தெரிஞ்சது நல்லது ஆன்டி. இனிமே தொடாதீங்க" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

வெளியே வந்து சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இராஜம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி விடு. உயிருக்கு ஒன்னும் ஆவல இல்ல? அவளக் கூப்பிட்டு, இப்ப நல்லாயிடுச்சு வாம்மான்னு சொல்லிடு. ஏன் ஏறுச்சு, எதுக்கு எறங்குச்சுன்னு அவ என்னா கேக்கவா போறா? ஊர்லேர்ந்து வந்த புள்ள, நீ சொன்னத நம்பிக்கிட்டுப் போவும்."

அது உண்மைதான். சிந்து கேட்கமாட்டாள். அதுதான் லோகேஸ்வரியை நெருக்கியது. போனில் சொல்ல முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டர் ரயில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. சுபாங் ஜெயா வருவதற்குள் சித்தி சொன்னபடியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். ஷா ஆலமில் மனசு மாறியது. கிள்ளானில் இறங்கும்போது மறுபடியும் சித்தி பக்கம்.

வாசுவின் வீடு கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே. கீழே கேசட் கடைக்காரனின் பாட்டு தெருவையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த சிந்து இவளைப் பார்த்ததும் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... அவரு..."

"நல்லா இருக்கான். நல்லா இருக்கான்மா. நல்லா இருக்கான்."

சிந்து அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அடுப்பு எரிந்த வாசனையே இல்லை. மேசைமேல் ஒரு பிஸ்கட் பாக்கெட் திறந்து கிடந்தது. லோகேஸ்வரி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சித்தியின் வார்த்தைகள்தான் முதலில் வந்தன.

"எறங்கிடுச்சு சிந்து. இனி ஏறாதுன்னு மிஸ்ஸி சொல்லுது. நீ வரலாம்."

சிந்துவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கையாலும் இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லன்னா எனக்கு இங்க யாருக்கா இருக்கா? நான் பாட்டுக்குப் போயி நின்னு அவர என்ன பண்ணியிருப்பேனோ. நீங்க எடுத்துச் சொன்னதாலதான்..."

அந்தக் கண்ணீர் லோகேஸ்வரியின் விரலில் சூடாகப் பட்டது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"உன்னால ஏறல. என்னால ஏறுச்சு."

பிறகு எல்லாம் சொன்னாள். படம், துண்டு, கன்னம், கழுத்து, ஹோஸ். சொல்லும்போது சிந்துவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் சேலைத் தலைப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப நீங்கதான் திருப்பி வச்சீங்களா?" என்றாள் சிந்து மெதுவாக. "நான் போறப்பல்லாம் அவரு முகத்த அந்தப் பக்கம் வச்சிக்கிட்டுக் கெடப்பாரு. அன்னிக்குக் காலையில சண்ட போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனாரு. சாப்பாடுகூட எடுத்துக்கல. மயக்கத்துலயும் என்னையப் பாக்கப் புடிக்கலபோலன்னு நெனச்சிக்கிட்டேன். நான் கூப்பிட்டதும் மணி வேற அடிக்குதா... கோவம் இன்னும் போகலன்னு நெனச்சேன்கா."

லோகேஸ்வரி ஊசி ஏறிய விரலைப் போலத் துடித்தாள்.

"நான் வராத அன்னிக்கும் ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"பதினாலுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

சிந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற சத்தம் கேட்டது. சேலை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்தாள். "போலாம்" என்றாள். ரயிலில் காலி இடம் நிறைய இருந்தும், தள்ளிப்போய் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் இராஜம்மா சித்தி பார்த்துவிட்டாள். மற்ற உறவுக்காரர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். விஷயம் அவர்களுக்கெல்லாம் பழைய மாதிரிதான் தெரியும், பரப்பியவளே சித்திதானே.

"வந்துட்டியாம்மா? பாத்து லா, ரொம்ப நேரம் நிக்காத, அப்புறம் அவனுக்கு..."

"அவளால ஒன்னும் ஆவல சித்தி" என்றாள் லோகேஸ்வரி. குரல் உடைந்து உரக்க வந்தது. பக்கத்துச் சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நான்தான் அவன் கழுத்தத் திருப்பித் திருப்பி ஏத்துனேன். ஏத்திட்டு இவ தலையில பழியப் போட்டேன். இன்னொரு வாட்டி யாரும் இவள ஒன்னும் சொல்லாதீங்க."

சித்தி சோற்றுப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள். சிந்து நிற்காமல் உள்ளே போனாள். நேரம் முடியும்வரை அவள்தான் உள்ளே இருந்தாள். மணி அடிக்கவில்லை. வெளியே வந்ததும் சித்தியிடம், "பதினஞ்சு. தூக்க மருந்தக் கொறைக்கப் போறாங்களாம்" என்றாள். லோகேஸ்வரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை.

அன்று அதற்குமேல் லோகேஸ்வரி தம்பியைப் பார்க்கவில்லை. மறுநாளும் சிந்துதான் முதலில் போனாள். பாதி நேரம் போல ஆனதும் வெளியே வந்து, கைகழுவும் இடத்தில் நின்றாள். லோகேஸ்வரி தயங்கித் தயங்கி அவளிடம் போனாள். முப்பது வயசுப் பெண்ணின் முன்னால், ஐம்பத்தெட்டு வயசுக்காரி.

"நான் ஒரு தடவ உள்ள போயி பாத்துட்டு வரட்டுமா மா?"

சிந்து கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். லோகேஸ்வரி காத்துக்கொண்டிருந்தாள்.

"போங்க" என்றாள் கடைசியில். "கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. நான் கண்ணாடிகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருப்பேன்."

லோகேஸ்வரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையைப் போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கட்டிலின் இடப்பக்கம் நின்றாள். சுமையா மிஸ்ஸி பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். வாசுவின் கண்ணோரம் லேசாக ஈரம் கட்டியிருந்தது. துடைத்துவிட விரல் துடித்தது. பின்னால் கோத்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கதவுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்க்கிற தைரியம் அவளுக்கு வரவில்லை.